காரணம் தேடாத ஒரு கெட்ட நாள்

1972இல் நியூயார்க்கின் ஏதீனியம் பதிப்பகம் வெளியிட்ட ஒரு சிறுவர் படப்புத்தகத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்கே மூச்சு வாங்கும்: ‘அலெக்ஸாண்டர் அண்ட் த டெரிபிள், ஹாரிபிள், நோ குட், வெரி பேட் டே’. எழுதியவர் ஜூடித் வியோர்ஸ்ட். படம் வரைந்தவர் ரே க்ரூஸ். அலெக்ஸாண்டர் என்ற சிறுவனுக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கையில் விழும்வரை எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லை, கதை அவ்வளவுதான். 32 பக்கங்களில் அடங்கிவிடும் இந்தப் புத்தகம் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் விற்றுக்கொண்டிருக்கிறது. 1990இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனாகவும், 1998இல் வாஷிங்டனின் கென்னடி சென்டர் மேடையில் இசை நாடகமாகவும், 2014இல் டிஸ்னி திரைப்படமாகவும் அது மறுபிறவி எடுத்தது. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செனட்டர் வாய்தவறிப் பேசினாலும் சரி, பங்குச் சந்தை சரிந்தாலும் சரி, தலைப்பு எழுதுபவர் முதலில் எட்டிப் பிடிப்பது இந்தப் புத்தகத்தின் நான்கு அடைமொழிகளைத்தான். நூலகங்களும் பள்ளிகளும் இதை ‘கெட்ட நாட்களைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம்’ என்ற அலமாரியில் வைக்கின்றன. அந்த அலமாரி தவறானது என்பதுதான் என் வாதம். இந்தப் புத்தகம் சமாளிக்கும் வழி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு குழந்தையின் கெட்ட நாளுக்குக் காரணம் கற்பிக்க, குற்றவாளியைப் பிடிக்க, அதிலிருந்து நீதி பிழிய அது மறுக்கிறது. அது தரும் ஆறுதல் முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது.

அந்த நாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல்நாள் இரவு சூயிங்கத்தை மென்றுகொண்டே தூங்கிப்போனதால் காலையில் அது தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிலிலிருந்து இறங்கினால் ஸ்கேட்போர்டு காலை வாருகிறது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்வெட்டர் கைதவறித் தொட்டிக்குள் விழுகிறது. காலை உணவின்போது சீரியல் பெட்டிக்குள்ளிருந்து அண்ணன் அந்தோணிக்குக் காரின் பாகங்கள் அடங்கிய விளையாட்டுப் பெட்டி கிடைக்கிறது, இன்னொரு அண்ணன் நிக்குக்கு உளவாளி மோதிரம் கிடைக்கிறது. அலெக்ஸாண்டரின் பெட்டியில் சீரியல் மட்டும்தான். பள்ளிக்குப் போகும் காரில் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. வகுப்பில் கண்ணுக்குத் தெரியாத கோட்டை ஒன்றை அவன் வரைந்து காட்ட, ஆசிரியைக்கு நண்பன் பாலின் பாய்மரப் படகுதான் பிடிக்கிறது. (கண்ணுக்குத் தெரியாத கோட்டையைத் தாளில் எப்படி வரைந்திருப்பான் என்பதை ஊகிப்பது வாசகர் பாடு.) பாட்டு நேரத்தில் குரல் அதிகம். எண்ணும் நேரத்தில் பதினாறு விட்டுப்போகிறது. உயிர் நண்பன் பால், இனி நீ என் முதல் நண்பன் இல்லை, மூன்றாவது என்று சொல்லிவிடுகிறான். மதியம் மற்றவர்களின் பைகளில் கப்கேக்கும் சாக்லேட்டும் தேங்காய்த்தூள் தூவிய ஜெல்லி ரோலும் இருக்க, அலெக்ஸாண்டரின் அம்மா இனிப்பு வைக்கவே மறந்துவிட்டிருக்கிறார். மாலையில் பல் மருத்துவர் மூன்று பிள்ளைகளில் இவனுக்கு மட்டும் சொத்தைப்பல் என்கிறார். லிஃப்ட் கதவு காலை நசுக்குகிறது. அண்ணன் சேற்றில் விழ வைக்கிறான். அழுதால் இன்னொரு அண்ணன் அழுமூஞ்சி என்கிறான். அவனைக் குத்தும் நேரம் பார்த்து அம்மா காரோடு வந்து, சேற்றுக்கும் சண்டைக்கும் சேர்த்து இவனைத் திட்டுகிறார். செருப்புக்கடையில் அவன் கேட்ட நீலத்தில் சிவப்புக் கோடு போட்ட ஷூ தீர்ந்துபோய், வெறும் வெள்ளை ஷூவோடு வெளியே வருகிறான். இரவுச் சாப்பாட்டில் அவனுக்குப் பிடிக்காத லைமா பீன்ஸ், அதாவது நம் கடைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்கப்படுவது. குளிக்கும் தண்ணீர் சுடுகிறது, கண்ணில் சோப்பு, கோலிக்குண்டு வடிகாலோடு போகிறது. கடைசியில் பூனைகூட அந்தோணியோடு படுக்கப் போய்விடுகிறது.

இந்தப் பட்டியலை ஒரு விசாரணை அதிகாரியைப் போலப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சூயிங்கம் அவன் தவறு. அண்ணனைக் குத்தியதும் அவன் தவறுதான். அப்பாவின் அலுவலகத்தில் நகல் இயந்திரத்திலும் மேசைமேல் இருந்த புத்தகங்களிலும் தொலைபேசியிலும் அவன் கை போனதும் யாரும் செய்யச் சொன்னதல்ல. பாலின் புறக்கணிப்பும், நிக் கொடுத்த தலையணையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதும் மற்றவர்களின் அநியாயம். லிஃப்ட் கதவு, தீர்ந்துபோன ஷூ, எரிந்துபோன இரவு விளக்கு இவற்றுக்கு யாரும் பொறுப்பல்ல. இன்னொரு வகையும் இருக்கிறது. தொலைக்காட்சியில் யாரோ முத்தம் கொடுத்துக்கொண்டார்கள், பிடிக்காத பைஜாமாவைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்பவை துன்பங்களே அல்ல, வெறும் ரசனைப் பிரச்சினைகள். வேறு எந்த எழுத்தாளரும் இந்த நான்கையும் தரம் பிரித்திருப்பார். தன் தவறுக்கு வருந்தவும், பிறர் தவறை மன்னிக்கவும், தற்செயலைப் பொறுக்கவும், ரசனையை விட்டுக்கொடுக்கவும் குழந்தைக்கு அறிவுறுத்தியிருப்பார். வியோர்ஸ்ட் எதையும் பிரிக்கவில்லை. புத்தகத்தின் முதல் வாக்கியமே மூச்சு விடாமல் ஓடும் ஒரு நீண்ட அடுக்கு. சூயிங்கம், ஸ்கேட்போர்டு, ஸ்வெட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. புகார் சொல்லும் குழந்தை இப்படித்தான் பேசும், அது இயல்பான நடை என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் நடையைத் தாண்டி இது ஒரு நிலைப்பாடும்கூட: துன்பங்களை அடுக்கலாம், கணக்கு முடித்துப் பழி போட வேண்டியதில்லை.

இந்த நிலைப்பாடு குழந்தை வாசகருக்கு ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள உளவியலாளர் ழான் பியாஜேயிடம் போக வேண்டும். 1932இல் வெளியான குழந்தைகளின் அறநோக்கு பற்றிய நூலில் அவர் ஒரு சின்னக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். ஆப்பிள் திருடிய ஒருவன் தப்பி ஓடும்போது உளுத்துப்போன மரப்பாலத்தில் கால் வைக்கிறான். பலகை முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் அதே பாலத்தைக் கடந்திருந்தால் விழுந்திருப்பானா? ஆறு வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். பலகைக்கும் திருட்டு தெரியும் என்பது போன்ற ஒரு நம்பிக்கை. வயது ஏற ஏற இது குறைகிறது. ஆனாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இப்படியே பதில் சொன்னார்கள். செய்த தப்புக்கு உலகமே தண்டனை தரும் என்ற இந்த எண்ணத்துக்குப் பியாஜே உள்ளார்ந்த நீதி என்று பெயரிட்டார். பெரியவர்களும் இதிலிருந்து முழுக்க விடுபட்டவர்கள் அல்ல. காலையில் யார் முகத்தில் விழித்தோமோ என்று நாம் முனகும்போது, நடந்தவற்றுக்குப் பின்னால் ஒரு மூலகாரணம் இருந்தாக வேண்டும் என்றுதான் நாமும் கேட்கிறோம். அலெக்ஸாண்டரின் வயதுள்ள வாசகருக்கு அந்தக் கேள்வியின் பதில் சுலபம், கொடூரமும்கூட: நான் கெட்டவன், அதனால்தான் எனக்கு இப்படி நடக்கிறது. வியோர்ஸ்டின் புத்தகம் சரியாக இந்தப் பதிலின் வேரில் கை வைக்கிறது. சூயிங்கம் அவன் தவறு. லிஃப்ட் கதவு அவன் தவறல்ல. ஆனால் இரண்டும் ஒரே நாளில், ஒரே எடையோடு வருகின்றன. உளுத்த பாலம் திருடனுக்காகக் காத்திருப்பதில்லை என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் குழந்தைக்கு உணர்த்த இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன் வந்த புத்தகங்களோடு வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு எவ்வளவு அரிதானது என்பது விளங்கும். பீட்ரிக்ஸ் பாட்டரின் ‘பீட்டர் ராபிட்’ 1902இல் வந்தது. அதிலும் ஒரு கெட்ட நாள்தான். ஆனால் பீட்டர் அம்மா சொல்லைத் தட்டித் தோட்டத்துக்குள் போனான். அதனால்தான் சட்டை போயிற்று, செருப்பு போயிற்று, இரவு சகோதரிகள் பாலும் பழமும் சாப்பிட அவனுக்குக் கஷாயம். காரணமும் விளைவும் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. 1963இல் சார்லட் ஜோலோடோ எழுதி ஆர்னால்ட் லோபெல் படம் வரைந்த ‘த குவாரலிங் புக்’ வியோர்ஸ்டின் நிலத்துக்கு இன்னும் அருகில் வருகிறது. ஒரு மழைக் காலையில் அப்பா அம்மாவுக்கு முத்தம் கொடுக்க மறந்து வேலைக்குக் கிளம்புகிறார். அந்தச் சிறு மறதி அம்மாவின் எரிச்சலாகி, மகனுக்கும் மகளுக்கும் மகளின் தோழிக்கும் தோழியின் தம்பிக்கும் கைமாறி, கடைசியில் நாயிடம் போய்ச் சேருகிறது. நாய்க்குக் கோபமே தெரியாததால் சங்கிலி அங்கிருந்து திரும்பி, எல்லோர் மனமும் வரிசையாகச் சரியாகிறது. அழகான கட்டமைப்புதான்; ஆனால் அதன் அடியில் இருப்பது, ஒவ்வொரு மனச்சோர்வுக்கும் ஒரு முதல் புள்ளி உண்டு, அந்தப் புள்ளியைத் தொட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அதே 1963இல் வந்த மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ கோபத்தைக் கற்பனைப் பயணமாக மாற்றியது. மாக்ஸ் கடல் கடந்து போகிறான், அரக்கர்களை அடக்குகிறான், அரசனாகிறான், வீடு திரும்புகிறான். அறையில் சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது. அலெக்ஸாண்டருக்கும் ஒரு தப்பிக்கும் தேசம் இருக்கிறது: ஆஸ்திரேலியா. அங்கே குடிபோகப் போவதாக நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஆனால் அந்தத் தேசம் எப்படி இருக்கும் என்று ஒரு வரி வர்ணனைகூட இல்லை. பாலின் ஐஸ்கிரீம் கோனிலிருந்து நழுவி ஆஸ்திரேலியாவில் போய் விழட்டும் என்று சபிக்கும்போது அது தப்பிக்கும் இடமாகக்கூட இல்லை, கோபத்தில் கைநீட்டிக் காட்டும் தூரமாகிவிடுகிறது. கற்பனைகூட அன்றைக்கு அவனுக்குக் கைகொடுக்கவில்லை. கப்பல் கிளம்பவே இல்லை.

இந்தப் புத்தகத்தை வேறு ஊடகத்துக்கு மாற்றியவர்கள் என்ன சேர்த்தார்கள் என்று பார்த்தால், அதில் என்ன இல்லை என்பது இன்னும் துலக்கமாகும். மிகுயெல் அர்டேட்டா இயக்கிய 2014 படத்தில் அலெக்ஸாண்டரின் கெட்ட நாள் ஆரம்பச் சில நிமிடங்களோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நள்ளிரவில், ஐஸ்கிரீமில் மெழுகுவத்தி ஏற்றி, என் நிலைமை என் குடும்பத்துக்கும் தெரிய வேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்கிறான். மறுநாள் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோருக்கும் அடிமேல் அடி விழுகிறது. கெட்ட நாளுக்கு ஒரு காரணம் வந்துவிட்டது: அவன் வேண்டுதல். குற்றவுணர்வும் கூடவே வந்துவிட்டது. பியாஜேயின் உளுத்த பாலத்தை ஹாலிவுட் மறுபடியும் கட்டிவிட்டது என்றே சொல்ல வேண்டும். முடிவில் குடும்பம் ஒன்றுசேர்கிறது, கெட்ட நாட்கள் இருந்தால்தான் நல்ல நாட்களின் அருமை தெரியும் என்ற பாடமும் வருகிறது, வீட்டுத் தோட்டத்தில் ஆஸ்திரேலிய விலங்குகளோடு பிறந்தநாள் விருந்து நடக்கிறது. புத்தகத்தில் எட்டவே எட்டாத அந்த நாட்டைப் படம் கொல்லைப்புறத்துக்கே வரவழைத்துவிட்டது. 2025இல் வந்த அடுத்த படத்தில் குடும்பப் பயணம் கெட்டுப்போவதற்குச் சபிக்கப்பட்ட ஒரு சிலை காரணமாகிறது. இரண்டு படங்களையும் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒன்றரை மணி நேரக் கதைக்குக் காரணமும் திருப்பமும் தேவைப்படலாம். ஆனால் சில நூறு சொற்களில் வியோர்ஸ்ட் காட்டிய துணிவு எங்கே இருந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சியம் இல்லை. அந்தக் கதையைத் திரைப்படமாக்கியவர்களுக்குக் காரணமில்லாத ஒரு நாளை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

காரணத்தின் இடத்தில் புத்தகம் எதை வைக்கிறது என்பது அடுத்த கேள்வி. என் வாசிப்பில் அங்கே இருப்பது கேட்கப்படாமை. காரில் நெருக்கித் தள்ளுகிறார்கள் என்கிறான், ஜன்னல் ஓரம் கொடுக்காவிட்டால் வாந்தி வரும் என்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. பின்னர், சேறும் அழுகையும் திட்டும் முடிந்த இடத்தில், தன் நாள் எவ்வளவு மோசம் என்று எல்லோருக்கும் அறிவிக்கிறான். அப்போதும் பதில் இல்லை. இரண்டு இடத்திலும் அந்த மௌனத்தைப் புத்தகம் தனியாகச் சொல்கிறது. மற்றத் துயரங்கள் ஒருமுறை வந்து போகின்றன. இது மட்டும் திரும்ப வருகிறது. தலைப்பில் உள்ள அந்தப் பல்லவியின் காலமும் ஒவ்வொருமுறை வரும்போதும் மாறுகிறது. காலையில் அது ஒரு முன்கணிப்பு: இன்றைக்கு இப்படித்தான் இருக்கப்போகிறது. நண்பகலில் தீர்ப்பு. மாலையில் நிகழ்காலப் புலம்பல். இரவில், நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய அறிக்கை. பின்னால் தள்ளி நின்று பார்க்கும் தூரம் கதையின் வாக்கிய அமைப்பிலேயே உருவாகிவிடுகிறது. அலெக்ஸாண்டருக்கு அது தெரியாது. வாசித்துக்காட்டும் குரல் அதைச் செய்துவிடுகிறது. க்ரூஸின் படங்களும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. உள்பக்கங்கள் முழுவதும் கறுப்பு மை. நெருக்கமான கோடுகளால் நிழல் தீட்டிய ஓவியங்கள். வண்ணப் படங்களாக இருந்திருந்தால் ஏதோ ஒரு மூலையில் மகிழ்ச்சி எட்டிப்பார்த்திருக்கும். இங்கே அவனைச் சுற்றியுள்ளவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் முகத்தை நேராகப் பார்ப்பது நாம்தான். கதைக்குள் யாரும் கேட்காத புகாரைக் கேட்பவர், மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் குழந்தை. இன்னொருவனின் கெட்ட நாளை முழுக்கக் கேட்டு முடித்த அனுபவம் அந்தக் குழந்தைக்கு அநேகமாக அதுவே முதல் தடவையாக இருக்கும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, இதெல்லாம் ஒரு கஷ்டமா என்பது. காரில் பள்ளிக்குப் போகிறான், பல் மருத்துவர் இருக்கிறார், புது ஷூ வாங்கித் தருகிறார்கள், தாய் தந்தை இருவரும் இருக்கிறார்கள். பசியோ நோயோ சாவோ அவன் பக்கத்தில் இல்லை. வசதியான அமெரிக்க நடுத்தர வீட்டுப் பிள்ளையின் சிணுங்கலை ஏன் செவ்வியல் என்று கொண்டாட வேண்டும்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. புத்தகத்தின் உலகம் குறுகலானதுதான், அதன் கண்ணில் படாத வாழ்க்கைகள் ஏராளம். ஆனால் வியோர்ஸ்டுக்குச் சின்னத் துன்பத்துக்கும் பெரிய இழப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டான 1971இல்தான் அவர் ‘த டென்த் குட் திங் அபௌட் பார்னி’ என்ற புத்தகத்தை வெளியிட்டிருந்தார். அதில் ஒரு சிறுவனின் பூனை செத்துப்போகிறது. அங்கே அம்மா சும்மா இருப்பதில்லை. பூனையைப் பற்றிப் பத்து நல்ல விஷயங்களை யோசித்து அடக்கத்தின்போது சொல்லச் சொல்கிறார். சிறுவனுக்கு ஒன்பதுதான் தேறுகிறது. பத்தாவது, அப்பாவோடு தோட்ட வேலை செய்யும்போது, மண்ணுக்குள் இருக்கும் பார்னி பூக்கள் வளர உதவுகிறது என்பதாகக் கிடைக்கிறது. சொர்க்கம் உண்டா என்ற தகராறில் அப்பா பொய்யான உறுதி எதையும் தருவதில்லை. ஆக, இழப்புக்குச் சடங்கும் நினைவும் வேலையும் வேண்டும் என்று அறிந்த எழுத்தாளர், அடுத்த ஆண்டே, ஒரு சாதாரணக் கெட்ட நாளுக்கு அவற்றில் எதையும் தராமல் விடுகிறார். மறதியால் அல்ல, அளவு தெரிந்தே விடுகிறார். டபுள் பீன்ஸ் துயரத்துக்குப் பத்து நல்ல விஷயங்களை எண்ணச் சொல்வது அந்தத் துயரத்தைப் பெரிதாக்குவதாகவே முடியும். இது ஒன்றுமே இல்லை என்பது குழந்தையைப் பொய்யனாக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. புத்தகம் அதன்மேல் நடக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் உளவியலிலிருந்து வருகிறது, கனமானதும்கூட. மனக்குறையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது அதைக் கரைக்காது, வளர்க்கும். 2002இல் அமண்டா ரோஸ் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகள் நண்பர்களோடு சேர்ந்து பிரச்சினைகளைத் தொடர்ந்து பேசிப் பேசி அலசுவது நட்பை நெருக்கமாக்குகிறது, ஆனால் கூடவே மனச்சோர்வின் அறிகுறிகளோடும் கைகோத்து நிற்கிறது என்று காட்டியது. அப்படியானால் புகார்ப் பட்டியல் ஒன்றைப் படுக்கை நேரக் கதையாக வாசிப்பது புத்திசாலித்தனமா? இங்கே புத்தகத்தின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். அசைபோடுவது என்றால் ஒரே காயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது. அலெக்ஸாண்டர் எந்தக் காயத்திலும் தங்குவதில்லை. பால் கைவிட்டதை நினைத்து ஏங்க நேரம் இல்லாமல் அடுத்த பக்கத்தில் சாப்பாட்டுப் பை திறந்துவிடுகிறது. மேலும், பட்டியல் நீள நீள அது வேடிக்கையாகிறது. முதல் மூன்று சம்பவங்களுக்கு இரக்கப்படும் குழந்தை, பூனையும் கைவிட்டுவிட்டது என்ற இடத்தில் சிரித்துவிடும். கோபத்தில் அவன் கேட்கும் தண்டனைகளும் சிரிப்பைத்தான் வரவழைக்கின்றன. சிரிப்பு அவனுக்கு எதிரானது அல்ல. தனக்கும் இப்படி நடந்திருக்கிறது என்று அடையாளம் கண்டுகொண்டதால் வருவது. அசைபோடுவதில் இல்லாத ஒன்று இதில் உண்டு, முடிவு. நாள் முடிந்தவுடன் பட்டியலும் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது எதிர்வாதத்தை உளவியலாளர் ப்ரூனோ பெட்டல்ஹைம் பெயரில் வைக்கலாம். அவர் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதியதாக நான் சொல்லவில்லை. 1976இல் அவர் எழுதிய ‘த யூசஸ் ஆஃப் என்சாண்ட்மென்ட்’ நூலின் தர்க்கத்தை இங்கே நீட்டிப் பார்க்கலாம். தேவதைக் கதைகளின் மகிழ்ச்சியான முடிவு குழந்தைக்கு வெறும் இனிப்பு அல்ல, இருட்டைக் கடந்துவிடலாம் என்ற உறுதி. அந்த உறுதியில்லாத நடப்பியல் கதைகள் குழந்தையை அதன் பயத்தோடு தனியே விட்டுவிடுகின்றன என்பது அவர் எண்ணம். அலெக்ஸாண்டர் படுக்கும்போது எதுவும் சரியாகவில்லை. பால் திரும்பி வரவில்லை, ஷூ மாறவில்லை, பல் மருத்துவர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்வது ஒன்றே ஒன்று: சில நாட்கள் இப்படித்தான் அமையும், ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும். இதில் நம்பிக்கை எங்கே? உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1995இல் குழந்தைகளின் நம்பிக்கை மனப்பான்மை பற்றி எழுதிய நூல் இங்கே உதவுகிறது. கெட்டதுக்கு ஒருவர் மூன்று விதமாக விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் அவர்: அது நிலையானது, எங்கும் பரவியது, என்னால் வந்தது. இந்த மூன்றும் சேரும்போதுதான் மனம் உடைகிறது. அம்மாவின் பதிலை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கெட்டது ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே நிலையானதல்ல. உன்னால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. பரவல் ஒன்றை மட்டும் அவர் மறுக்கவில்லை, இன்னும் கூட்டியே சொல்கிறார்: உலகத்தின் அந்தக் கோடி வரைக்கும் இது உண்டு என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் செலிக்மன் கணக்கில் அது பாதகமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைக்கு அது நிம்மதியாகவே விழுகிறது. ஏனென்றால் எல்லோருக்கும் உரியது எனக்கு மட்டும் விதிக்கப்பட்டதாக இருக்க முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பதிப்புகளில் அலெக்ஸாண்டர் குடிபோக நினைக்கும் இடம் டிம்பக்டு. அங்குள்ள குழந்தைக்குத் தன் நாடே தூரதேசமாக இருக்க முடியாதல்லவா? ஊர் எதுவானாலும் வாக்கியம் வேலை செய்கிறது.

அந்த அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசிப் பக்கத்து ஆறுதல் ஞானியின் வாயிலிருந்து வரவில்லை. இனிப்பு வைக்க மறந்தவரும், விசாரிக்காமல் திட்டியவரும் அவர்தான். அந்த நாளின் குற்றவாளிகளில் அவரும் ஒருவர். மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இன்றைய குழந்தை வளர்ப்பு நூல்களை வைத்துப் பார்த்தால் அவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடைக்காது. ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் சொன்னதால்தான் அந்தச் சொல் நம்பும்படி இருக்கிறது. அவருக்கும் அன்றைக்குச் சறுக்கல்தான் என்பதை வாசகர் கவனித்திருப்பார். வியோர்ஸ்ட் பின்னாளில் வாஷிங்டன் சைக்கோஅனலிட்டிக் இன்ஸ்டிடியூட்டில் பயின்று 1981இல் தேர்ச்சி பெற்றார். 1986இல் எழுதிய ‘நெசசரி லாஸஸ்’ பெரியவர்களிடையே மிகப் பெரிய விற்பனை கண்டது. வளர்வது என்றால் வரிசையாக விட்டுக்கொடுப்பது, சகலமும் நமக்குச் சாதகமாக அமையும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்து, என்பது அந்நூலின் சாரம். இதை வைத்து அலெக்ஸாண்டரை உளப்பகுப்பாய்வின் குழந்தை வடிவம் என்று சிலர் சொல்லக்கூடும். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. புத்தகம் அந்தத் தேர்ச்சிக்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது. மூன்று மகன்களை வளர்த்துக்கொண்டிருந்த, அவர்கள் பெயர்களையே கதைக்கும் கொடுத்த ஒரு தாயின் அவதானம்தான் முதலில் வந்தது. கோட்பாடு பிறகு வந்து அதை ஆமோதித்தது.

இன்று அமெரிக்க வகுப்பறைகளில் இந்தப் புத்தகத்தை வாசித்து முடித்ததும் பயிற்சித்தாள் வருகிறது. அலெக்ஸாண்டர் வேறு எப்படி நடந்துகொண்டிருக்கலாம், கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும், உன் நாளை நல்ல நாளாக மாற்ற மூன்று வழி எழுது என்று கேட்கிறார்கள். ஆசிரியர்களின் நோக்கம் நல்லது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் மூச்சை நிதானப்படுத்தவும் கற்பது பிள்ளைகளுக்குத் தேவைதான். அதற்கென்றே எழுதப்பட்ட புத்தகங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு அந்தக் கேள்விகளைக் கேட்பது, 2014 படம் செய்த அதே காரியத்தைக் கரும்பலகையில் செய்வதாகும்: அவன் வேறு மாதிரி நடந்திருந்தால் நாள் வேறு மாதிரி போயிருக்கும் என்ற செய்தியைக் குழந்தையின் கையில் திணிப்பது. வாசித்துக்காட்டுபவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. பூனை போய்விட்டது, அம்மா பதில் சொல்லிவிட்டார் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். குழந்தை ஏதாவது சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வியோர்ஸ்ட் 1978, 1995, 2014 என மூன்று முறை அலெக்ஸாண்டரிடம் திரும்பி வந்தார். காசைச் செலவழித்துத் தீர்த்தது, வீடு மாற மறுத்தது, நல்ல பிள்ளையாக இருக்கப் பாடுபட்டது என்று எழுதினார். அந்தக் கெட்ட நாளின் மறுநாளைப் பற்றி அவற்றில் எதிலும் எழுதவில்லை.